பைடிபி-11: விளக்குகளுக்காக வாங்கலாம், டெம்ப் டைரக்டரிக்காக வைத்துக்கொள்ளலாம்

பழைய கணினி ஒன்றின் சிறிய மாதிரியான பைடிபி-11 பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகப்பைத் தாண்டி உள்ளே போவதில்லை. அதில் தப்பு சொல்ல முடியாது. மெஜந்தாவும் ரோஜா நிறமும் கலந்த சுவிட்சுகள், 22 முகவரி விளக்குகள், 16 தரவு விளக்குகள், பக்கத்தில் ஒரு சாவிப் பூட்டு என்று பார்க்கிறவர் கண்ணைப் பறிக்கும் பொருள்தான் இது. ஆனால் நான் வேலை பார்ப்பது சர்வர் நிர்வாகத்தில். எந்தக் கணினியைத் தொட்டாலும் முதலில் பார்ப்பது, நிரல்கள் தற்காலிகக் கோப்புகளைப் போட்டுவைக்கும் அதன் டெம்ப் டைரக்டரியைத்தான். பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு இயந்திரம் அதன் பயனர்களை எப்படி நடத்துகிறது என்பது அங்கேதான் வெளிப்படையாகத் தெரியும். அதனால் இந்த விமர்சனமும் அந்தப் பக்கமிருந்துதான் வரும்.

முதலில் பொருளைப் பற்றிக் கொஞ்சம். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம், சுருக்கமாக டெக், 1975-இல் வெளியிட்ட பிடிபி-11/70 கணினியின் முகப்பை அசலில் பத்துக்கு ஆறு பங்கு அளவில் திரும்பச் செய்திருக்கிறார் ஆஸ்கர் வெர்மியூலன். பெட்டியில் வருவது உதிரி பாகங்கள். டயோடு, ரெசிஸ்டர், எல்இடி, சுவிட்சு எல்லாவற்றையும் நாமே சால்டர் செய்து கோர்க்க வேண்டும். பின்னால் ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்று. அதைத் தனியாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ராஸ்பெரி பையில் ஓடுவது சிம்எச் எமுலேட்டர், அதாவது பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருள். டெக்கில் துணைத்தலைவராக இருந்த பாப் சுப்னிக் தொடங்கிவைத்தது அது. அன்றைய டிஸ்க் பிம்பங்களை, அதாவது டிஸ்குகளின் முழு நகல்களை, அப்படியே எடுத்து ஓட்டும். சுவிட்சில் எண்ணை வைத்து பூட் செய்தால் யூனிக்ஸ் ஆறாம் பதிப்பு, ஏழாம் பதிப்பு, பெர்க்லியின் யூனிக்ஸான 2.11 பிஎஸ்டி, ஆர்எஸ்டிஎஸ்/இ, ஆர்எஸ்எக்ஸ், ஆர்டி-11 என்று அன்றைய ஆபரேட்டிங் சிஸ்டங்களில் விரும்பியதை எழுப்பலாம்.

சிம்எச் இலவசம். மடிக்கணினியிலேயே இதையெல்லாம் ஓட்டலாம், பிறகு இந்தப் பெட்டி எதற்கு என்று கேட்கலாம். நான் சொல்லும் காரணம், இது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் இயந்திரம் என்பதுதான். மடிக்கணினியில் எமுலேட்டரைத் திறந்தால் கொஞ்ச நேரம் விளையாடிவிட்டு மூடிவிடுவோம். மேசையில் விளக்கு மின்னிக்கொண்டு நிற்கும் கணினியில் கணக்கு திறப்போம், நண்பர்களுக்கும் கணக்கு கொடுப்போம், தங்கள் கணினியிலிருந்தே டெல்நெட் என்ற வலையமைப்பு வசதி வழியாக அவர்கள் உள்ளே வருவார்கள். நாலு பேர் வந்து வேலை செய்த பிறகுதான் மிச்சம் மீதி சேர ஆரம்பிக்கும். டெம்ப் ஃபைல் என்பதே பலர் புழங்கும் இடத்தின் பிரச்சினை.

இது ஏன் எனக்கு இவ்வளவு முக்கியம் என்றால், ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. எம்ஐடியில் 1960-களில் ஓடிய சிடிஎஸ்எஸ்தான் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்திய முதல் கணினி அமைப்புகளில் ஒன்று. ஃபெர்னாண்டோ கோர்பட்டோ அதன் தலைவர். அதிலிருந்த எடிட்டர் வேலை நடக்கும்போது ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கும். அந்தக் கோப்புக்கு எப்போதும் ஒரே பெயர். ஒரு டைரக்டரியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் இருக்க முடியும் என்பது ஆரம்பத்தில் விதியாக இருந்ததால், அந்த ஒரே பெயரால் யாருக்கும் கெடுதல் வரவில்லை. அப்புறம் நிர்வாகிகளின் வசதிக்காக, அவர்களுடைய பொது டைரக்டரிக்கு மட்டும் அந்த விதியைத் தளர்த்தினார்கள். ஒருநாள் ஒரு நிர்வாகி அன்றைய அறிவிப்பைத் திருத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் கடவுச்சொல் கோப்பைத் திருத்திக்கொண்டிருந்தார். இரண்டு தற்காலிகக் கோப்புகளும் ஒரே பெயரில் மோதின, உள்ளடக்கம் இடம் மாறியது. அதற்குப் பிறகு லாகின் செய்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் டெர்மினலில் அச்சாகி வந்தன. அது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நகரத் திட்டமிடல் துறையில் இருந்த ஒரு பயனர் நிலைமையைப் புரிந்துகொண்டு, தன்னையே திரும்பத் திரும்ப நிறைவேற்றிக்கொள்ளும் ஒரு கட்டளையை டீபக்கரில் கொடுத்து இயந்திரத்தையே முடக்கினார். 1990-ஆம் ஆண்டுக்கான டியூரிங் விருதைப் பெற்றபோது கோர்பட்டோவே தன் உரையில் இந்தச் சம்பவத்தைச் சொன்னார்.

ஒரு தற்காலிகக் கோப்புக்கு என்ன பெயர் வைப்பது என்ற சின்ன முடிவு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. சிடிஎஸ்எஸ் ஓடியது ஐபிஎம் 7094-இல், பைடிபியில் அது ஓடாது. ஆனால் அதற்கு அடுத்து வந்தவர்கள் அதே கேள்விக்கு என்னென்ன பதில் கண்டார்கள் என்பது இந்தப் பெட்டிக்குள் வரிசையாக இருக்கிறது.

ஆறாம் பதிப்பு யூனிக்ஸிலிருந்து தொடங்குகிறேன். 1975-இல் வந்தது. முதன்மை டெர்மினலான கன்சோல் தவிர வேறு டெர்மினல் வேண்டுமென்றால், ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலை ஒருமுறை திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். பெரிய வேலை இல்லை, செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் தனி ஆளாகத்தான் உட்கார்ந்திருப்பீர்கள். இதன் டிஸ்க் ஆர்கே05. மொத்தம் 4872 பிளாக், ஒரு பிளாக் 512 பைட். அதில் 4000 பிளாக் கோப்பு முறைமைக்கு, மீதி 872 ஸ்வாப்புக்கு, அதாவது நினைவகத்தில் இடம் போதாதபோது நிரல்களை ஒதுக்கிவைக்கும் இடத்துக்கு. அதாவது கோப்புகளுக்கு மொத்தமே சுமார் 2 எம்பி. இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்கே அது பத்தாது. இந்த 2 எம்பிக்குள்தான் டெம்ப் டைரக்டரியும் இருக்கிறது, எல்லா டைரக்டரிகளுக்கும் மூலமான ரூட் டைரக்டரியோடு ஒரே டிஸ்கில். யாரோ ஒருவர் பெரிய கோப்பைத் திருத்த ஆரம்பித்தாலே போதும், 'நோ ஸ்பேஸ் ஆன் டெவ் 0/0' என்று கன்சோலில் வந்து நிற்கும். அப்போது பாதிக்கப்படுவது அவர் ஒருவர் மட்டும் இல்லை.

இங்கே சி மொழி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் சி கம்பைலர் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்ததுதான் இந்தப் பெட்டி எனக்குக் கொடுத்த பெரிய சந்தோஷம். அன்றைய கம்பைலர் ஒரே நிரலாக நினைவகத்தில் அடங்காது. பல கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தின் விளைவை டெம்பில் எழுதி, அடுத்த கட்டத்துக்குக் கொடுப்பார்கள். கோப்பின் பெயர் 'சிடிஎம்0ஏ' என்று ஆரம்பிக்கும். நடுவில் இருக்கும் எண் கோப்பு எந்தக் கட்டத்துக்கானது என்பதைச் சொல்லும். கடைசி எழுத்து ஆளைப் பிரிக்கும். முதலில் கம்பைல் செய்கிறவருக்கு 'ஏ', அதே நேரத்தில் இன்னொருவர் வந்தால் 'பி', அடுத்தவருக்கு 'சி'. அந்தப் பெயரில் கோப்பு இருக்கிறதா என்று திறந்து பார்க்கும். இருந்தால் எழுத்தை ஒன்று கூட்டும். அவ்வளவுதான் முறை.

ஆனால் பார்ப்பதற்கும் உருவாக்குவதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருக்கிறதே? இரண்டு பேர் ஒரே கணத்தில் பார்த்து, 'ஏ காலி' என்று இருவருமே முடிவு செய்தால்? இதற்கு அவர்கள் கண்ட வழி அழகானது. கோப்பை உருவாக்கும்போதே 0400 அனுமதியோடு உருவாக்குகிறார்கள்: உரிமையாளர் படிக்கலாம், யாரும் எழுத முடியாது. இரண்டாவது ஆள் அதே பெயரில் உருவாக்க முயன்றால், ஏற்கெனவே இருக்கும் கோப்பில் எழுத அனுமதி இல்லை என்று கர்னல் மறுத்துவிடும். மறுத்தால் எழுத்தைக் கூட்டி அடுத்ததுக்குப் போ. பூட்டு என்று தனியாக ஒன்றும் இல்லாத அமைப்பில், எழுத முடியாத கோப்பையே பூட்டாக ஆக்கிவிட்டார்கள். இரண்டு வரி நிரலில் முடிந்த வேலை.

இதில் ஒரு பெரிய ஓட்டை, எல்லா அதிகாரமும் உள்ள நிர்வாகியின் ரூட் கணக்கு. ரூட்டுக்கு எந்த அனுமதியும் தடை இல்லை என்பதால், ரூட்டாக இருந்து கம்பைல் செய்கிறவருக்கு அந்தப் பூட்டு கண்ணுக்கே தெரியாது. மற்றவர் கோப்பைக் காலி செய்துவிட்டு அதன் மேலேயே எழுத வாய்ப்பு இருக்கிறது. இன்னொன்று, எழுத்தைக் கூட்டிக்கொண்டே போகும் நிரலில் 'இசட்'டோடு நிறுத்து என்று எங்கேயும் சொல்லவில்லை. அந்த அளவுக்குக் கூட்டம் வராத இயந்திரம் என்பதால் யாருக்கும் தேவைப்பட்டிருக்காது.

இதை நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒரு தகவல். ராஸ்பெரி பையின் வேகத்துக்குக் கம்பைல் கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும், டெம்பில் எதுவும் தென்படாது. சிம்எச்சில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'த்ராட்டில்' கட்டளை இருக்கிறது. அதைப் போட்டுக் குறைத்துவிட்டு, ஒரு டெர்மினலில் கம்பைலை ஓடவிட்டு, இன்னொன்றில் டெம்பைப் பட்டியலிட்டுக்கொண்டே இருங்கள். கோப்புகள் ஒவ்வொன்றாகப் பிறப்பதும், வேலை முடிந்ததும் மொத்தமாக மறைவதும் தெரியும். விளக்குகளும் அந்த மெதுவான வேகத்தில்தான் உண்மையில் பார்க்க நன்றாக இருக்கின்றன.

ஏழாம் பதிப்பு 1979. இதில்தான் தற்காலிகப் பெயர் தயாரிப்பதற்கென்று 'எம்கேடெம்ப்' என்ற நூலகச் செயல்கூறு வந்தது. இன்றுவரை பெயர் மாறாமல் இருப்பது. ஒவ்வொரு நிரலும் தனக்குத் தனியாக ஒரு முறை வைத்துக்கொள்ளாமல், வரிசையாக எக்ஸ் எழுத்துகளைப் போட்டுக் கொடுத்தால் அந்த இடத்தில் பிராசஸ் எண்ணை, அதாவது ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கர்னல் கொடுக்கும் எண்ணை, நிரப்பித் தரும். அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் ஓர் எழுத்தை மாற்றிப் பார்க்கும். எல்லாம் தீர்ந்தால் என்ன செய்யும் தெரியுமா? வெறும் சாய்கோடு ஒன்றைத் திருப்பித் தரும். அதாவது ரூட் டைரக்டரியின் பெயர். அதைச் சரிபார்க்காமல் திறக்கப் போகிறவர் பாடு அவர் பாடு. எனக்கு இது பிடிக்கவில்லை. தோல்வியைச் சொல்வதற்கு, செல்லுபடியாகும் ஒரு பெயரைத் திருப்பித் தருவது சரியான வழி இல்லை.

பிராசஸ் எண்ணை வைத்துப் பெயரிடுவது ஒரு வகையில் முன்னேற்றம். அந்த நேரத்தில் ஓடும் இரண்டு பிராசஸ்களுக்கு ஒரே எண் இருக்காது என்பதால் மோதல் வராது. ஆனால் ஆறாம் பதிப்புக் கம்பைலரில் இருந்த அந்த 0400 பூட்டின் சாமர்த்தியம் இந்தச் செயல்கூறில் இல்லை. பெயர் காலியா என்று பார்ப்பது ஒரு வேலை, கோப்பை உருவாக்குவது வேறு வேலை. நடுவில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அடுத்து என்ன எண் வரும் என்று ஊகிப்பதும் எளிது. வேறொரு கோப்பைச் சுட்டிக்காட்டும் பெயரான சிம்பாலிக் லிங்க்கை 1983-இல் 4.2 பிஎஸ்டி கொண்டுவந்த பிறகு இந்த இடைவெளி ஆபத்தான ஓட்டையாகவே ஆனது. ஊகித்த பெயரில் ஒரு லிங்க்கை முன்கூட்டியே வைத்துவிட்டால், நிரல் தற்காலிகக் கோப்பு என்று நினைத்து வேறு யாருடைய கோப்பிலோ போய் எழுதும். இன்றைக்கும் பாதுகாப்பு அறிக்கைகளில் இந்த வகைக் குறை வந்துகொண்டுதான் இருக்கிறது. நான் நிர்வகிக்கும் சர்வர்களில் வரும் ஸ்கிரிப்டுகளைப் படிக்கும்போது முதலில் தேடுவதும் இதைத்தான்.

ஏழாம் பதிப்பின் டெம்ப் டைரக்டரி எல்லோருக்கும் திறந்தது. திறந்தது என்றால் முழுதாகத் திறந்தது. கல்யாண மண்டப வாசலில் கிடக்கும் செருப்பு மாதிரி, யார் எதை எடுத்துப்போனாலும் கேட்பாரில்லை. கோப்பின் உள்ளே எழுத உங்களுக்கு அனுமதி இல்லாமல் இருக்கலாம், ஆனால் டைரக்டரியில் எழுத அனுமதி இருக்கிறதே, பெயரை அழித்துவிடலாம். என்னோடு வேலை பார்க்கும் தம்பி ஒருவனுக்குக் கணக்கு கொடுத்திருந்தேன். அவன் 'ஈடி' எடிட்டரில் ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது, அவனிடம் சொல்லிவிட்டே, என் கணக்கிலிருந்து அவனுடைய தற்காலிகக் கோப்பை அழித்துக் காட்டினேன். அழிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டது, 'ஒய்' என்றேன், போய்விட்டது.

"அக்கா, ஒண்ணும் ஆகலையே, எனக்கு எல்லா வரியும் இருக்கு" என்றான்.

அதுதான் யூனிக்ஸில் எனக்கு மிகவும் பிடித்த நடத்தை. பெயர் போனாலும், திறந்து வைத்திருக்கும் நிரலுக்குக் கோப்பு இருந்துகொண்டே இருக்கும். அவன் எடிட்டரை விட்டு வெளியே வந்த பிறகுதான் பிளாக்குகள் திரும்பக் கிடைக்கும். பிற்காலத்து நிரலாளர்கள் இதையே ஒரு நல்ல பழக்கமாக ஆக்கினார்கள்: தற்காலிகக் கோப்பைத் திறந்த உடனேயே அதன் பெயரை அழித்துவிடுவது, நிரல் எப்படிச் செத்தாலும் கர்னலே இடத்தைச் சுத்தம் செய்துவிடும். ஆனால் இதே விளையாட்டை அவன் கம்பைல் செய்யும்போது காட்டியபோது கம்பைல் நடுவிலேயே நின்றுபோனது. காரணம், ஒரு கட்டம் எழுதியதை அடுத்த கட்டம் பெயரைச் சொல்லித்தான் திறக்கிறது. பெயர் இல்லை என்றால் கதை முடிந்தது.

கர்னல் சுத்தம் செய்யும் என்றேனே, அதற்கு ஒரு நிபந்தனை உண்டு: கர்னல் உயிரோடு இருக்க வேண்டும். பெயர் அழிந்த கோப்பு திறந்திருக்கும் நேரத்தில் மின்சாரம் போனால், அதன் ஐநோடு, அதாவது கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் பதிவு, யாருக்கும் சொந்தமில்லாமல் டிஸ்கில் கிடக்கும். ஏழாம் பதிப்பில், கோப்பு முறைமையைச் சோதித்துச் சரிசெய்யும் எஃப்எஸ்சிகே கிடையாது. டிசெக் ஓட்டிக் கண்டுபிடித்து, சிஎல்ஆர்ஐ கொண்டு அழித்து, ஐசெக்கால் காலி பிளாக் பட்டியலைத் திரும்பக் கட்ட வேண்டும். கையால் செய்கிற வேலை. ஒருமுறை செய்து பாருங்கள். கோப்பு முறைமை பற்றி இதைவிடத் தெளிவாக வேறு எதுவும் சொல்லித் தராது.

சார்ட் கட்டளை மட்டும் முதலில் யூஸர் டிஸ்கில் உள்ள டெம்பைத் தேடிவிட்டு, அது கிடைக்காவிட்டால்தான் பொது டெம்புக்கு வரும். பெரிய கோப்புகளை வரிசைப்படுத்தும்போது ரூட் டிஸ்க் நிரம்பாமல் இருக்க அப்படி. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

அடுத்து ஆர்எஸ்டிஎஸ்/இ. யூனிக்ஸ் மட்டுமே பார்த்து வளர்ந்தவர்கள் தயவுசெய்து இதையும் பூட் செய்து பாருங்கள். பள்ளிகளும் சிறு நிறுவனங்களும் பேசிக்-பிளஸ் மொழிக்காக வாங்கிய, பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் டைம்-ஷேரிங் அமைப்பு இது. உள்ளே போனால் 'ரெடி' என்று நிற்கும். வேலை இல்லாத நேரத்தில் முகப்பு விளக்குகளைச் சுழலவிடும். பைடிபி வாங்கியவர்கள் பாதிப் பேர் அதைப் பார்க்கத்தான் இதை எழுப்புகிறார்கள் என்று நினைக்கிறேன். எனக்குப் பிடித்தது வேறு.

ஆர்எஸ்டிஎஸ்ஸில் உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜாப் எண். அதிகபட்சம் 63. பேசிக்-பிளஸ் உங்கள் தற்காலிகக் கோப்பை உங்களுடைய சொந்தக் கணக்கிலேயே 'டெம்ப்' என்ற பெயரோடு உங்கள் ஜாப் எண்ணைச் சேர்த்து உருவாக்கும். நீங்கள் 7-ஆம் ஜாப் என்றால் டெம்ப்07. பொது டைரக்டரி என்ற பேச்சே இல்லை. அடுத்தவர் கைவைக்க வேண்டுமென்றால் உங்கள் கணக்குக்குள் வர வேண்டும். சிஸ்டம் விழுந்து கோப்பு மிச்சமாகிப் போனாலும் கவலை இல்லை. அந்த எண்ணில் அடுத்து நீங்கள் வரும்போது அதே பெயர் திரும்பப் பயன்படும். 63 எண்கள்தான் என்பதால் குப்பைக்கும் ஒரு எல்லை இருக்கிறது. பிராசஸ் எண்ணை வைத்துப் பெயரிடும் யூனிக்ஸில் அந்த எல்லை கிடையாது, ஒவ்வொரு விபத்தும் புதுப் பெயரில் ஒரு குப்பையை விட்டுப் போகும்.

அதைவிட நான் ரசித்தது லாகவுட். கணக்கு ஒவ்வொன்றுக்கும் பிளாக் கணக்கில் ஒரு கோட்டா வைக்கலாம். பழைய பதிப்புகளில் அந்தக் கோட்டாவை வேலை நேரத்தில் யாரும் கேட்பதில்லை. எவ்வளவு வேண்டுமானாலும் தற்காலிகமாக எடுத்துக்கொள்ளுங்கள், டிஸ்கில் இடம் இருக்கும்வரை. ஆனால் 'பை' என்று தட்டி வெளியே போகும்போது கணக்குப் பார்க்கும். கோட்டாவைத் தாண்டியிருந்தால், இத்தனை பிளாக் அதிகம், சில கோப்புகளை அழித்தால்தான் போக முடியும் என்று சொல்லி நிறுத்திவிடும். உறுதி கேட்கும் இடத்தில் 'ஐ' என்று கொடுத்தால் உங்கள் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பெயரும் அளவும் சொல்லிக் காட்டும்; வேண்டாததற்கு 'கே' அடிக்கலாம், வேண்டியதற்கு வெறும் ரிட்டர்ன். ஒரு சோதனைக் கணக்குக்கு வேண்டுமென்றே சிறிய கோட்டா வைத்து இதைப் பார்த்தேன். எது தேவை எது தேவையில்லை என்பது வேலையை முடித்தவருக்குத்தான் தெரியும். முடித்த கையோடு அவரிடமே கேட்பதுதான் முறை. இன்றைக்கு எத்தனை நாளுக்கு முந்தைய கோப்பு என்று தேதியைப் பார்த்து இரவில் தானாக அழிக்கும் ஸ்கிரிப்டுகளை வைத்திருக்கிறோம். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு ஸ்கிரிப்ட், பல நாள் ஓடிக்கொண்டிருந்த கணக்கீட்டின் இடைக்கோப்புகளை அடியோடு தூக்கிவிட்டது. ஆர்எஸ்டிஎஸ்ஸில் அது நடந்திருக்காது.

2.11 பிஎஸ்டி இந்தப் பெட்டியின் ராஜா. 1991-இல் வந்தது, 4.3 பிஎஸ்டியின் நல்ல விஷயங்கள் பலவற்றை இந்தச் சின்ன 16-பிட் இயந்திரத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். டெல்நெட் தயாராக இருக்கிறது, நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க இதுதான் வசதி. ஏழாம் பதிப்பில் செய்த அதே விளையாட்டை இங்கே செய்து பார்த்தேன், மறுத்துவிட்டது. காரணம், அனுமதிகளோடு சேர்ந்து இருக்கும் ஸ்டிக்கி பிட் என்ற ஒரு குறி. முந்தைய யூனிக்ஸில் அந்த பிட்டுக்கு வேறு வேலை. அடிக்கடி ஓடும் நிரலை ஸ்வாப்பிலேயே வைத்துக்கொள் என்று சொல்வதற்கு அது இருந்தது. 1986-இல் 4.3 பிஎஸ்டி, அதையே டைரக்டரிக்குப் போட்டால், அங்கே உள்ள கோப்பை அதன் உரிமையாளரோ டைரக்டரியின் உரிமையாளரோ ரூட்டோ தவிர வேறு யாரும் அழிக்கவோ பெயர் மாற்றவோ முடியாது என்று ஆக்கியது. உங்கள் லினக்ஸில் டெம்ப் டைரக்டரியைப் பட்டியலிட்டால் அனுமதி வரிசையின் கடைசியில் 'டி' என்று நிற்பது அதுதான்.

பூட் ஆகும்போது கன்சோலில் வரும் வரிகளைக் கவனியுங்கள். 'ப்ரிசர்விங் எடிட்டர் ஃபைல்ஸ்' என்று ஒரு வரி. அதற்குப் பிறகுதான் 'கிளியரிங் டெம்ப்'. இந்த வரிசை முக்கியம். டெம்பை அழிப்பதற்கு முன்னால், எக்ஸ், விஐ எடிட்டர்கள் விட்டுப்போன தற்காலிகக் கோப்புகளைத் தேடி எடுத்து வேறு இடத்தில் பத்திரப்படுத்துகிறது, கோப்பின் சொந்தக்காரருக்கு ஒரு மெயிலும் போடுகிறது. இதைச் சோதிக்க, விஐயில் ஒரு பக்கம் தட்டச்சு செய்துவிட்டு, சேமிக்காமல், கன்ட்ரோல்-இ அடித்து எமுலேட்டரையே நிறுத்திவிட்டேன். திரும்ப எழுப்பி லாகின் செய்ததும் மெயில் காத்திருந்தது: சிஸ்டம் விழுந்தபோது உங்கள் எடிட்டர் கோப்பு காப்பாற்றப்பட்டது, மீட்கும் வழி இது என்று. கடைசியாக அடித்த சில வரிகள் போகலாம், மீதி அப்படியே வந்தது. ஒரு வேலை நடுவில் முறிந்தால் அதில் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று யோசித்து எழுதிய நிரல் அது. டெம்ப் என்றாலே குப்பை என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு காட்சியைப் பார்க்க வேண்டும்.

டெக்கின் பெரிய இயந்திரங்களில் இதைவிட நுட்பமான வழிகள் இருந்தன. டாப்ஸ்-10 என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தில் மூன்று இலக்க ஜாப் எண்ணும் நிரலின் மூன்றெழுத்தும் சேர்ந்து கோப்பின் பெயர். சின்னக் கோப்புகளை டிஸ்குக்கே போகாமல் நினைவகத்திலேயே வைக்க 'டிஎம்பிகோர்' என்ற வசதியும் உண்டு. டாப்ஸ்-20-இல் ஒவ்வொரு கோப்புக்கும் தலைமுறை எண் இருக்கும். தற்காலிகக் கோப்பு என்று குறித்தால் 100000-உடன் உங்கள் ஜாப் எண்ணைக் கூட்டி அதைத் தலைமுறை எண்ணாக வைத்துவிடும். லாகவுட் செய்ததும் அது தானாகவே போய்விடும். இவையெல்லாம் பிடிபி-10 குடும்பம், பைடிபி-11-இல் கிடைக்காது. அதற்கு வெர்மியூலனின் பைடிபி-10 தனியாக இருக்கிறது. டாப்ஸ்-20-ஐ மட்டும் பார்க்க வேண்டுமென்றால், எஸ்டிஎஃப் அமைப்பின் ட்வெனெக்ஸ் சேவையில் கணக்கு கேட்கலாம்.

சரி, வாங்கலாமா? சால்டர் செய்யத் தெரியாதவர்கள் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எல்இடிகள் நிறைய, ஒன்று கோணலாக நின்றாலும் முகப்பில் தெரியும். நிதானமாகச் செய்தால் கஷ்டமான வேலை இல்லை. விலை குறைவு இல்லை, இந்தியாவுக்கு வரவழைத்தால் அனுப்பும் செலவும் சுங்க வரியும் சேரும். விளக்குகளுக்காக மட்டும் என்றால் யோசித்து வாங்குங்கள். சர்வர் நிர்வாகம் செய்கிறவர்கள், ஆபரேட்டிங் சிஸ்டம் பாடம் நடத்துகிறவர்கள் என்றால் யோசிக்கவே வேண்டாம். கல்லூரி ஆய்வகத்தில் ஒன்று இருந்தால், இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் முந்தப்போய் மோதுவதை, பந்தய நிலை என்று புத்தகத்தில் படம் போட்டு விளக்குவதை, மாணவர்கள் இரண்டு டெர்மினலில் உட்கார்ந்து தாங்களே உண்டாக்கிப் பார்ப்பார்கள்.

வாங்கியவர்களுக்குச் சில விஷயங்கள். ராஸ்பெரி பையின் மின்சாரத்தை நேரடியாகப் பிடுங்காதீர்கள், எமுலேட்டருக்குள் ஓடும் சிஸ்டத்தை முதலில் முறையாக நிறுத்துங்கள். ஆறாம், ஏழாம் பதிப்புகளில், நினைவகத்தில் காத்திருப்பதை டிஸ்கில் எழுதிவிடும் சிங்க் கட்டளையைக் கொடுத்த பிறகே வெளியேறுங்கள். ஒவ்வொரு டிஸ்க் பிம்பத்துக்கும் நகல் எடுத்து வைத்துவிட்டு விளையாட ஆரம்பியுங்கள், அப்புறம் எதை வேண்டுமானாலும் உடைக்கலாம். ஆட்களை உள்ளே விடுவதானால் 2.11 பிஎஸ்டியில் ஆரம்பியுங்கள், ரூட் கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். டெல்நெட்டில் எதுவும் மறைக்கப்படாது என்பதால் வீட்டு வலையமைப்புக்கு வெளியே திறக்க வேண்டாம். ஆர்எஸ்டிஎஸ்ஸில் கணக்கு திறக்கும்போது கோட்டாவைச் சுழியமாக விட்டால் வரம்பே இல்லை என்று அர்த்தம்; அந்த லாகவுட் உரையாடலைப் பார்க்க விரும்பினால் ஏதாவது ஒரு சிறிய எண்ணைக் கொடுங்கள்.